பினாங்கில் பெரோவ்ஸ்கைட்டா, கோலாலம்பூரில் பழைய பேனல் ஆய்வா, கூலிமில் வேலையா?

பாகான்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இந்த செமஸ்டரோடு இயற்பியல் டிகிரி முடிகிறது. படிப்பது கோலாலம்பூரில், வீடு பட்டர்வொர்த். கடைசி வருஷ புராஜெக்டுக்கு ரோசெல் பூச்சாயத்தில் சோலார் செல் செய்தேன், எஃபிஷியன்சி (வெயிலில் எத்தனை பங்கு மின்சாரமாகிறது என்பது) ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை, ஆனால் இந்தத் துறையை விட்டுப் போக மனம் வரவில்லை.

இப்போது மூன்று வழி இருக்கிறது. பினாங்கில் ஒரு சூப்பர்வைசர் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் செய்யும் புதுவகை சோலார் செல்லில் ஆராய்ச்சி மாஸ்டர்ஸ் செய்ய வரச் சொல்கிறார். வீட்டிலிருந்தே போய் வரலாம், அலவன்ஸ் பற்றிக் கேட்டால் "கிராண்ட் வந்ததும் பார்க்கலாம்" என்கிறார், அதாவது ஆராய்ச்சி நிதி. கோலாலம்பூரில் இன்னொருவர், கட்டடக் கூரைகளில் பத்து வருஷத்துக்கு மேல் கிடக்கும் பேனல்கள் ஏன் எப்படித் தேய்ந்தன என்று ஆராயச் சொல்கிறார், அங்கே அலவன்ஸ் உறுதி. மூன்றாவது கூலிமில் ஒரு சோலார் தொழிற்சாலையில் பிராசஸ் பக்கம் டிரெய்னி வேலை. அப்பா "வேலை கையில இருக்கு, மறுபடியும் எதுக்கும்மா படிப்பு" என்று தினமும் கேட்கிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பெரோவ்ஸ்கைட்டில் இனிமேல் நுழைந்தால் கூட்டத்தில் ஒருத்தியாகக் காணாமல் போய்விடுவேனா? பழைய பேனல் தலைப்பு கேட்க சுவாரசியமே இல்லை என்று என் தோழிகள் சிரிக்கிறார்கள், அது உண்மையா? அப்புறம் இயற்பியல் படித்தவளை எஞ்சினியரிங் பக்கம் யாராவது மதிப்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


கையுறைப்பெட்டி:

தங்கச்சி, நான் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரோவ்ஸ்கைட்டில்தான் பிஎச்டி செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில், இது வெறும் ஃபேஷன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 2009-இல் ஜப்பானில் மியாசகா குழு முதன்முதலில் இதைச் சோலார் செல்லில் பயன்படுத்தியபோது கிடைத்தது 3.8 சதவீதம். அதுவும் திரவ எலக்ட்ரோலைட் பெரோவ்ஸ்கைட்டையே கரைத்துவிட்டதால் சில நிமிஷத்தில் செத்துப்போகும். 2012-இல் திரவத்தை எடுத்துவிட்டுத் திடப்பொருளை வைத்தார்கள், அதோடு கதையே மாறியது. இன்றைக்கு ஒற்றை அடுக்கு செல்லிலேயே 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கான் எவ்வளவு முயன்றாலும் 29.4-க்கு மேல் போகாது என்பது கோட்பாட்டு வரம்பு, அதன்மேல் ஒரு பெரோவ்ஸ்கைட் அடுக்கை வைத்தால் அந்த வரம்பை மீறலாம். 2025-இல் சீனாவின் லாங்கி நிறுவனம் அப்படி அடுக்கிய செல்லில் 34.85 சதவீதம் அறிவித்தது. பெரிய கம்பெனிகள் இதில் பணம் போடுவதற்குக் காரணம் இந்த ஒன்றுதான்.

ஆனால் நீ கேட்க வேண்டிய கேள்வி பெரோவ்ஸ்கைட் நல்லதா என்பது இல்லை, அந்தக் குறிப்பிட்ட லேப்பில் இரண்டு வருஷத்தில் உன்னால் எதை முடிக்க முடியும் என்பது. சாதனை எண்கள் பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய செல்களில், நைட்ரஜன் நிரப்பிய குளோவ் பாக்ஸுக்குள் (கையுறை வழியாகக் கைவிட்டு வேலை செய்யும் மூடிய பெட்டி) செய்து எடுத்தவை. நம் ஊர் ஈரப்பதத்தில் பெட்டிக்கு வெளியே படலம் போட்டால் கறுப்பாக வர வேண்டியது கண்முன்னே மஞ்சளாகும், மஞ்சள் என்றால் அங்கே மிஞ்சியிருப்பது ஈய அயோடைடு, வேலை முடிந்தது. அதனால் சேர்வதற்கு முன் நேரில் போய்ப் பார். குளோவ் பாக்ஸ் ஓடுகிறதா அல்லது கோட் ஸ்டாண்டாக நிற்கிறதா? நைட்ரஜன் சிலிண்டருக்கு யார் பணம் கட்டுகிறார்கள்? எலக்ட்ரோடு படியவைக்கும் எவாபரேட்டர் சொந்தமா, வேறு துறையில் வரிசையில் நிற்க வேண்டுமா? செயற்கை வெயில் தரும் சோலார் சிமுலேட்டரைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள்? இதையெல்லாம் பேராசிரியரிடம் கேட்காதே. அங்கே இரண்டாம் வருஷத்தில் இருக்கும் மாணவரை நாசி கண்டார் கடைக்குக் கூட்டிப்போய்க் கேள், எல்லாம் கொட்டிவிடுவார்.

கரைப்பான் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த வேலையில் டிஎம்எஃப் நிறையப் புழங்கும், அது தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் வேலை செய்கிறதா என்று ஒரு டிஷ்யூ தாளைப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கூச்சப்படாதே.

"கிராண்ட் வந்ததும் பார்க்கலாம்" என்றால் இன்றைய தேதிக்குப் பணம் இல்லை என்று அர்த்தம். எஃப்ஆர்ஜிஎஸ் (அடிப்படை ஆராய்ச்சிக்கான நிதி) மாதிரி அமைச்சு கிராண்டுகளுக்குப் போட்டி அதிகம், கிடைத்தாலும் உன் செமஸ்டர் தேதியைப் பார்த்துக்கொண்டு வராது. எத்தனை மாதத்துக்கு எவ்வளவு என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கு. எழுதித் தர மாட்டேன் என்பவரிடம் போகாதே, தலைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும்.


கூலிம்_ஷிஃப்ட்:

தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம்.

கூலிம் என்றதும் எல்லாரும் ஒரே மாதிரி பேனல் என்று நினைக்கிறார்கள், அது சரியில்லை. ஃபர்ஸ்ட் சோலார் 2008-இலிருந்து கூலிமில் செய்வது காட்மியம் டெலுரைடு, மெல்லிய படலம், சிலிக்கானே கிடையாது. கண்ணாடி ஒரு பக்கம் போய் சில மணி நேரத்தில் முழு மாடியூலாக, அதாவது பேனலாக, மறுபக்கம் வரும். எல்லை தாண்டி பினாங்கு மாநிலத்தில் சீனக் கம்பெனிகள் போட்டவை சிலிக்கான் ஆலைகள், அங்கே வேலை வேறு மாதிரி. இந்த வித்தியாசம் உன் வேலைப் பாதுகாப்பையும் தொடும். அமெரிக்கா 2025-இல் மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா நான்கு நாட்டுச் சிலிக்கான் செல்கள்மீதும் குவிப்புத் தடுப்பு வரி போட்டதே, அதில் மெல்லிய படலம் வராது. சிலிக்கான் பக்கம் ஆட்குறைப்பு நடந்தபோது என் கூடப் படித்தவர்கள் சிலர் செமிகண்டக்டர் கம்பெனிகளுக்கு மாறிப் போனார்கள். ஆகவே ஆஃபர் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அங்கே என்ன பொருள் செய்கிறார்கள், எங்கே விற்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்.

இன்னொன்று, இயற்பியல் மாணவி என்பதால் உனக்குப் பிடிக்கும். காட்மியம் டெலுரைடு ஏறத்தாழ 850 நானோமீட்டர் வரைதான் ஒளியை வாங்கும், சிலிக்கான் அதைத் தாண்டி 1,100-க்கு மேலும் வாங்கும். காற்றில் இருக்கும் நீராவி தின்பது அந்தத் தூரத்து அகச்சிவப்பைத்தான். அதனால் நம்ம மாதிரி புழுக்கமான ஊரில் சிலிக்கான் இழப்பதை இது இழக்காது. 25 டிகிரியில், நம் ஊரைவிட வறண்ட காற்றைக் கணக்கில் வைத்து எழுதிய ஸ்பெக் ஷீட்டில் இது தெரியாது.

நேர்காணலில் நான் ஆள் எடுக்கும்போது மாஸ்டர்ஸ் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதில்லை. ஒரு வரைபடத்தைக் காட்டி, நேற்று எஃபிஷியன்சி 0.1 சதவீதம் ஏறியிருக்கிறது, இது நிஜமா, டெஸ்டரின் ஆட்டமா, எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்பேன். பாதிப் பேர் அங்கேயே தடுமாறுவார்கள். அளவீட்டின் நிச்சயமின்மை பற்றி முதல் வருஷம் படித்தது ஞாபகம் இருந்தால் நீ தாண்டிவிடுவாய். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், சுத்த அறை உடை, நடுராத்திரியில் மெஷின் நின்றால் போன், அதெல்லாம் உண்டு. வேலையில் சேர்ந்துவிட்டு அப்புறம் மாஸ்டர்ஸ் செய்யலாம் என்று எல்லாரும் சொல்வார்கள், செய்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. உடம்பு ஒத்துழைக்காது.


பாங்சார்_சந்தேகி:

யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். நம் பல்கலைக்கழகங்களில் பாதி சோலார் ஆராய்ச்சி ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் ஏறும் கட்டுரை எண்ணிக்கைக்காக நடக்கிறது. ஒரு பொருளில் இன்னொன்றைக் கலந்து, எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே வைத்துப் படிக அமைப்பு பார்ப்பது) எடுத்து, எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் போட்டு, கடைசி வரியில் "சூரிய மின்கலங்களுக்குப் பயன்படலாம்" என்று எழுதுவார்கள். செல் செய்திருக்கவே மாட்டார்கள். சீனாவில் ஒரு கம்பெனியின் ஆர் அண்ட் டி அறையில் இருக்கும் கருவிகள் இங்கே மொத்த நாட்டிலும் இருக்குமா? வேலைக்குப் போம்மா.


கையுறைப்பெட்டி:

@பாங்சார்_சந்தேகி, கட்டுரை எண்ணிக்கை பற்றிச் சொன்னது நடக்கிற விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சீனாவோடு எஃபிஷியன்சி ஓட்டப்பந்தயம் ஓடுவதைத்தான் ஆராய்ச்சி என்று வைத்துக்கொண்டால் உலகத்தில் முக்கால்வாசி லேப்பை மூட வேண்டியதுதான். 85 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம், 1,000 மணி நேரம் என்று பேனல்களுக்கான ஐஇசி 61215 சர்வதேசத் தரத்தில் ஒரு சோதனை இருக்கிறது. சிலிக்கான் மாடியூல் அதைத் தாண்டித்தான் சந்தைக்கு வருகிறது, பெரோவ்ஸ்கைட் இன்னும் அங்கே முக்குகிறது. வெளிநாட்டு லேப்புகள் அந்தச் சூழ்நிலையை உண்டாக்க அறை கட்டிச் செலவு செய்கிறார்கள். நமக்குக் கூரைமேல் வைத்தால் போதும், 85 இல்லாவிட்டாலும் வருஷம் முழுக்கப் புழுக்கம் இலவசம். பெரோவ்ஸ்கைட் செல்லின் ஆயுளை எப்படி அளப்பது, எப்படி எழுதுவது என்று 2020-இல் உலக ஆய்வாளர்கள் சேர்ந்து ஐசாஸ் நெறிமுறைகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்டார்கள், அதில் வெளிப்புறச் சோதனைக்கே தனிப் பிரிவு உண்டு. பினாங்கு சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வேலை செய்யச் சம்மதித்தால் அது வேறு கதை, தங்கச்சி. "எஃபிஷியன்சியைக் கூட்டுவோம்" என்று மட்டும் சொன்னால் யோசி.


கூரைமேல்_மச்சான்:

நான் படிப்பாளி இல்லை, பேனல் மாட்டுகிறவன். பினாங்கு, கெடா, பேராக் எல்லாம் சுற்றுகிறேன். பழைய பேனல் தலைப்பைப் பார்த்துத்தான் எழுத வந்தேன், ஏனென்றால் எனக்குப் பதில் தெரியாத கேள்விகள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.

முதலில் சூடு. பேனலின் வாட் எண் 25 டிகிரிக்கு எழுதியது. நம் ஊர் நண்பகலில் காற்று 33 என்று வையுங்கள், நல்ல வெயிலில் பேனலுக்குள் 64 டிகிரி வரும். சாதாரண பெர்க் வகை சிலிக்கான் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் இழக்கும், 39 டிகிரி வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால் பதின்மூன்று பதினாலு சதவீதம் அங்கேயே போச்சு. 400 வாட் பேனல் 345 கொடுக்கும். ஹெட்டரோஜங்ஷன் வகை என்றால் இழப்பு டிகிரிக்கு 0.25 அளவில்தான், அதனால் 360 வரும். வாடிக்கையாளர் "ஏமாத்திட்டியா" என்று கேட்கும்போது இந்தக் கணக்கைத்தான் பேப்பரில் போட்டுக் காட்டுவேன்.

அப்புறம் மேகம். நம் வானம் பாலைவன வானம் இல்லை, வெள்ளை மேகத்தின் ஓரத்தில் சூரியன் எட்டிப் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நேர் வெயிலும் மேகத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 1,000 வாட்டைத் தாண்டி 1,200-க்கு மேல்கூடப் போகும், மறு நிமிஷம் பாதாளத்துக்கு விழும். பேனலின் டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரை எந்த அளவுக்கு வைப்பது என்பதற்கு ஐரோப்பிய மென்பொருள் மணிக்கணக்குச் சராசரியில் சொல்லும் பதிலை நான் நம்புவதில்லை. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் காலத்தை எந்த மென்பொருளும் எனக்குச் சரியாகச் சொன்னதில்லை, 2015-உம் 2019-உம் அதற்குச் சாட்சி.

நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் பேனலைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தால்தான் வெயில் அதிகம் என்று புத்தகம் சொல்லும். படுக்கவைத்தால் மழைத்தண்ணீர் கீழ்ச்சட்டத்தில் தேங்கி நிற்கும், அழுக்கு படியும், பாசி பிடிக்கும், கடைசி வரிசை செல்கள் மறைந்து மொத்த பேனலும் படுத்துவிடும். பத்து டிகிரியாவது சாய்வு வை என்று பையன்களிடம் கத்திக்கொண்டே இருக்கிறேன். ஆனால் எத்தனை டிகிரியில் எவ்வளவு பாசி, எத்தனை வருஷத்தில், கடற்கரை ஓரத்தில் எப்படி, தோட்டப் பக்கம் எப்படி என்று கேட்டால் எனக்கு அனுபவம்தான் இருக்கிறது, எண் இல்லை. அந்த எண் வேண்டும்.

சோலார் வைத்து மின்சாரம் விற்கும் ஃபிட் திட்டம் 2011 சட்டத்தின் கீழ் வந்தது, ஒப்பந்தம் 21 வருஷம். 2012, 2013-இல் மாட்டியவை இன்றும் கூரையில் ஓடுகின்றன, யாரும் கழற்ற மாட்டார்கள், காசு வருகிறதே. உலகச் சராசரி தேய்மானம் வருஷத்துக்கு அரை சதவீதம் என்று சொல்கிறார்கள், அந்தப் புள்ளிவிவரம் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து வந்தது. நம் கூரையில் என்ன நடந்தது என்று பார்க்க இதைவிட நல்ல நேரம் வராது. சிரிக்கிற தோழிகளை ஒருநாள் ஏணியில் ஏற்றிவிடுங்கள்.


கையுறைப்பெட்டி:

மச்சான் சொன்னதுக்குள்ளே இயற்பியல் கொட்டிக்கிடக்கிறது, அதையும் பார். பேனலுக்குள் செல்லை ஒட்டும் ஈவிஏ பிளாஸ்டிக், சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து அசிட்டிக் அமிலம் விடும், அது வெள்ளிக் கோடுகளின் பிடிப்பை அரிக்கும். சட்டம் எர்த்தில், செல் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் என்று இருந்தால் கண்ணாடியிலிருக்கும் சோடியம் அயனி நகர்ந்து செல்லுக்குள் கசிவை உண்டாக்கும், ஈரம் இருந்தால் இன்னும் வேகம். இதைப் பார்க்க ராத்திரியில் பேனலுக்குள் கரண்டைச் செலுத்தினால் போதும். சிலிக்கான் 1,150 நானோமீட்டர் பக்கத்தில் மங்கலாக ஒளிரும், செத்த இடம் கறுப்பாகத் தெரியும், அகச்சிவப்பு கேமராவில் படம் எடுக்கலாம். வெளிச்சம் வாங்கிக் கரண்ட் தரும் பி-என் சந்தியைக் கரண்ட் வாங்கி வெளிச்சம் தரவைப்பதுதான், நீ தேர்வில் எழுதியதே. நானே இந்தத் தலைப்புக்குத் தாவியிருப்பேன் போல.


செராஸ்_அங்கிள்:

எல்லாம் சரி, எங்கள் தாமான் வீட்டில் பேனல் போட்டால் பில் குறையுமா? கூரை மின்சாரத்தைப் பில்லில் கழிக்கும் நெம் திட்டம் இன்னும் இருக்கிறதா?


கூரைமேல்_மச்சான்:

அங்கிள், நெம் 3.0 2025 ஜூன் 30-ஓடு முடிந்தது. 2026 ஜனவரியிலிருந்து சோலார் அத்தாப் என்று புதுத் திட்டம், விதிகள் வேறு. தனியாக ஒரு திரி போடுங்கள், அங்கே பேசலாம். தங்கச்சியின் கேள்வி நடுவில் வேண்டாம்.


பாகான்_பொண்ணு:

அக்கா, அண்ணன்மார்களே, ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரி பினாங்கு லேப் மாணவர் ஒருவரிடம் பேசினேன். குளோவ் பாக்ஸின் ஈரம் உறிஞ்சும் பகுதி போன வருஷத்திலிருந்து பழுது, ரிப்பேருக்கு கொட்டேஷன் மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்களாம். வெளிப்புறச் சோதனை செய்யலாமா என்று சூப்பர்வைசரைக் கேட்டேன், "முதலில் எஃபிஷியன்சி, அப்புறம் மற்றது" என்றார். மனிதர் நல்லவர்தான்.

கூலிம் அண்ணன், அவர்களிடம் என்ன பொருள் என்று கேட்டேன், சிலிக்கான் மாடியூல், பெரும்பகுதி அமெரிக்க ஏற்றுமதிக்கு. அதைக் கேட்டதும் அப்பாவே கொஞ்சம் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். கோலாலம்பூர் தலைப்பை எடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் வாடகை, சாப்பாடு எல்லாம் பார்த்தால் அலவன்ஸில் இழுத்துப்பிடிக்க வேண்டும். அதோடு எனக்கு மின் வயரிங் ஒன்றும் தெரியாது. பி.இ.எம். (மலேசிய எஞ்சினியர்கள் வாரியம்) பதிவு கிடைக்காது என்றும் சொல்கிறார்கள், அது உண்மையா?


கூலிம்_ஷிஃப்ட்:

பதிவு விஷயம் உண்மைதான். பட்டதாரி எஞ்சினியராகப் பதிய அங்கீகாரம் பெற்ற எஞ்சினியரிங் டிகிரி வேண்டும், இயற்பியல் டிகிரிக்கு மேல் ஆராய்ச்சி மாஸ்டர்ஸ் வைத்தாலும் அந்தக் கதவு திறக்காது. வரைபடத்தில் கையெழுத்துப் போடும் வேலை உனக்கு இல்லை என்று இப்போதே தெரிந்துகொள். ஆனால் தொழிற்சாலையில் பிராசஸ், டெஸ்ட், பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கும் ரிலயபிலிட்டி பக்கம் அந்தப் பதிவை யாரும் கேட்பதில்லை. ரிலயபிலிட்டி என்று நான் சொன்ன கடைசி வார்த்தையைக் கவனி, நீ எடுக்கப்போகும் தலைப்பின் பெயரே அதுதான். இரண்டு வருஷம் கழித்து இந்தப் பக்கம் வந்தால் டிரெய்னியாக ஆரம்பிக்க மாட்டாய். கூலிம் ஆஃபரை மரியாதையாக மறுத்து எழுது, அப்படியே விட்டுவிடாதே, எச்.ஆர். ஆட்கள் பெயரை ஞாபகம் வைத்திருப்பார்கள்.


கூரைமேல்_மச்சான்:

வயரிங் தெரியாதது பெரிய விஷயமில்லை, புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான அரசு அமைப்பான சேடா நடத்தும் கிரிட் சோலார் டிசைன் வகுப்பு ஒன்று இருக்கிறது, சூப்பர்வைசரைக் கேட்டு கிராண்டிலேயே போகப் பாருங்கள். ஒன்று மட்டும் மண்டையில் ஏற்றுங்கள். பேனலுக்கு ஸ்விட்ச் கிடையாது, வெயில் இருக்கும்வரை டிசி ஓடிக்கொண்டே இருக்கும், வரிசையாகக் கோத்தால் 600 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். சுமை ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கினால் நெருப்பு பறக்கும். பல்கலைக்கழகப் பாதுகாப்பு அலுவலர் கையெழுத்துப் போட்டாரே என்று தனியாக ஏறாதீர்கள், தகுதிச் சான்றிதழ் உள்ள மின் பணியாளர், சார்ஜ்மேன் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

கெடாவிலும் பேராக்கிலும் 2013 வாக்கில் மாட்டிய கூரைகள் சில எனக்குத் தெரியும், வீட்டுக்காரர்கள் நல்ல மனுஷர்கள். மாதாமாதம் பில்லும் இன்வெர்ட்டர் பதிவும் கொடுக்கச் சொன்னால் கொடுப்பார்கள், ஆனால் ஆய்வு முடிந்ததும் அவர்கள் பேனல் எப்படி இருக்கிறது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தர வேண்டும், அது என் நிபந்தனை. சேர்ந்ததும் தனி மடல் போடுங்கள். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஏறிப் பார்த்தால் பாசியின் அளவு சரியாகத் தெரியும்.